மாமாவின் பேட்டரிப் பெட்டி

என் வீட்டுக் கார் நிற்கும் கொட்டகைச் சுவரில், ஓர் ஆணியில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று தொங்குகிறது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து வரும் இரண்டு ஒயர்களின் முனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கவ்விகள். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தும்போது பேட்டரியில் அவற்றை மாட்டி, பெட்டியைக் கரண்டில் சொருகிவிட்டால் போதும். பேட்டரி இறங்கினால் சிவப்பு விளக்கு, நிறைந்துவிட்டால் பச்சை. பெட்டி என்னுடையது அல்ல, என் அக்காவின் கணவருடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு காலையில் அந்தப் பச்சை விளக்கின் முன்னால் நான் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால், இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாமா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். நட்ட கல்லை மூன்று முறை பார்க்காமல் நகர மாட்டார். அந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதற்குக்கூட மூன்று வாய் சாப்பிட்டுப் பார்ப்பார். அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போன வினை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வேலூருக்குக் காட்டப் போக வேண்டும். நடுவில் எந்த நேரத்திலும் மூச்சு வாங்கலாம். அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு வாசலே கிரிவலப் பாதை. பௌர்ணமி வந்தால் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. ஆட்டோவைக் கூப்பிட்டு, அது வந்து சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று பயந்துதான், தொண்ணூறுகளின் முடிவில் மாமா ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். ஊர் சுற்ற அல்ல. அக்காவுக்கு மூச்சு வாங்கும் அந்த ஒரு நாளுக்காக அது எப்போதும் தயாராக நிற்க வேண்டும். பௌர்ணமிக்கு முன்தினம் போலீஸ் பாதையில் தடுப்பு போடுவதற்குள் வண்டியைச் செங்கம் சாலைப் பக்கம் தெரிந்தவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அக்காவைக் கூட்டத்தின் ஊடே அதுவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்று தூரத்தைக்கூட அளந்து வைத்திருந்தார்.

நிற்கிற வண்டிக்குப் பேட்டரிதான் எமன். தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, வண்டியை ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பார் மாமா. அப்படியும் இரண்டு முறை பேட்டரி படுத்துவிட்டது. டவுனில் போளூர் சாலையில் இருந்த பேட்டரிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் சிரித்தார். “அஞ்சு நிமிஷத்துல ஸ்டார்ட் பண்றதுக்குச் செலவான கரண்டே திரும்பி வராது சார். பழைய வண்டி வேற, எங்கியோ ஒயர்ல கொஞ்சம் கொஞ்சமா ஒழுகுது. மாட்டியே வைக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்க.”

மூன்று வழிகள் சொன்னார். முதலாவது, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைப்பது. “அவ மூச்சுக்குத் தவிக்கும்போது நான் ஸ்பேனரத் தேடிக்கினு இருக்கணுமா?” என்று மாமா அதை அப்போதே தள்ளிவிட்டார். இரண்டாவது, கடையிலேயே காயில் சுற்றிச் செய்த கனமான சார்ஜர். சீக்கிரம் ஏற்றும், ஆனால் எடுக்க மறந்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். மூன்றாவதுதான் இந்தக் கறுப்புப் பெட்டி. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமா கேள்விமேல் கேள்வி கேட்டார். மாசக்கணக்கில் மாட்டியே இருக்கலாமா? கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக வேலை செய்யுமா, இல்லை யாராவது பொத்தானை அமுக்க வேண்டுமா? கடைக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினார். விளக்கு தானாக எரிந்தது. மாமா இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னார். “மொத்தம் மூணு,” என்று நான் கிண்டல் செய்தேன். கடைக்காரர் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். “ஒண்ணு நெனப்புல வெச்சுக்குங்க சார். இது உசுரோட இருக்கிற பேட்டரியக் காப்பாத்தும். செத்துப்போனத எழுப்பாது. அதுக்கு அவ்ளோ தெம்பு கெடையாது.”

இரண்டு வருடம் பச்சை விளக்கு அணையவில்லை. வண்டி தொட்டதும் பிடித்துக்கொள்ளும். அக்காவுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. இரண்டு தடவையும் வண்டிதான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பக் கூட்டிவந்தது.

இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா, தெருவில் ஒரு கூரை வீடு கரண்ட் கோளாறால் எரிந்ததை நேரில் பார்த்தவள். அன்றிலிருந்து, வீட்டைப் பூட்டும் முன் மெயினை அணைப்பது எங்களுக்கு வேதமாகிவிட்டது. கோவிலுக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. நான் அம்மாவையும் மிஞ்சியவன். மெயின் பெட்டிக்குள் பல்லி விழுந்து கருகிய நாளிலிருந்து, அணைத்த கையோடு பெட்டிக் கதவைச் சாத்தி, கொக்கியில் கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முனையை உள்பக்கம் மடக்கிவிடுவேன். அக்கா வீட்டுப் பெட்டியிலும் ஒரு கம்பியைக் கோத்துவிட்டிருந்தேன். மாமா ஒரு நாளும் அதைச் சுற்றியதில்லை. பெட்டிக் கதவு எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். “ஒங்க வீட்டு ஆளுங்களுக்குச் சாமிகிட்டகூட இவ்ளோ பயம் கெடையாது மச்சான்,” என்பார்.

மகளின் பிரசவத்துக்காக அக்காவும் மாமாவும் பெங்களூருக்கு மூன்று வாரம் போனார்கள். பழைய வண்டியை அவ்வளவு தூரம் நம்ப முடியாது என்று பஸ்ஸில்தான் போனார்கள். வீட்டுச் சாவியில் ஒன்று என்னிடம். “செடிக்கு மட்டும் தண்ணி விடுடா தம்பி, மல்லி காஞ்சிடும்,” என்றாள் அக்கா. அவர்கள் கிளம்பிய மறுநாளே போனேன். மோட்டார் போட்டு மல்லிக்கும் முருங்கைக்கும் தண்ணீர் விட்டேன். கதவைப் பூட்டும் முன் கை தானாக மெயினுக்குப் போனது. அணைத்தேன், கம்பியைச் சுற்றினேன். அடுத்து மழை பிடித்துக்கொண்டது. செடிக்கு வேலையில்லை என்று நானும் அந்தப் பக்கம் போகவில்லை. கொட்டகையில் அந்தப் பெட்டி இருப்பதே என் நினைவில் இல்லை.

பௌர்ணமிக்கு முன்தினம் இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பினார்கள். அதற்குள் தடுப்பு போட்டுவிட்டதால் வண்டியைச் செங்கம் சாலைப் பக்கம் கொண்டுபோக வழியில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, சாவியைக் கொடுத்துவிட்டுக் குழந்தை யார் ஜாடை என்று கேட்கலாம் என்று சைக்கிளில் போனேன். பாதையில் அதற்குள் ஜனங்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அக்கா வண்டியின் பின்சீட்டில் சாய்ந்து, வாயால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். மாமா சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அந்தச் சத்தமும் இல்லை. கொட்டகைச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். செருப்பில்லாமல் நடந்து வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள், பத்துப் பேர் வந்து கை கொடுத்தார்கள். “அரோகரா” என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். எதிரே வந்த கூட்டம் விலகி வழிவிட்டது. டிக்கியில் கை வைத்துத் தள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடி வழியே அக்காவின் பின்தலை தெரிந்தது. பெங்களூரில் யாரோ வைத்துவிட்ட பூ அதில் வாடிக் கிடந்தது. வண்டி பிடிக்கவில்லை. பேட்டரி அடியோடு செத்திருந்தால் பெட்ரோல் வண்டியைத் தள்ளியும் பயனில்லை என்று பிறகு மெக்கானிக் சொன்னார். கடைசியில் தடுப்புப் பக்கம் நின்ற போலீஸ் ஜீப்பில் ஏற்றிப்போனோம். முக்கால் மணி நேரம் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அக்காவின் கை சில்லிட்டிருந்தது. முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

காரியம் முடிந்த அன்று கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டி எப்படிக் கைவிட்டது என்று ஒருவர் கேட்டார். கையில் காபி டம்ளரோடு நான் தூணருகே நின்றிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

“பொட்டி ஒண்ணும் பண்ணல. ஊருக்குக் கெளம்புற அவசரத்துல நான்தான் மெயின அணைச்சிட்டுப் போயிட்டேன்.”

அவர் அப்படி நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. மகள் கோபத்தில் அப்பாவோடு ஒரு வருடம் பேசவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் மாமா பேரனைப் பார்க்கப் பெங்களூர் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். “மல்லிக்குத் தண்ணி விடு மச்சான்,” என்பார். அவ்வளவுதான். அம்பாசிடரை அவர் விற்கவும் இல்லை, எடுத்து ஓட்டவும் இல்லை. எதற்கென்று தெரியாமல் அதன் பேட்டரியில் அந்தப் பெட்டி மாட்டியே இருந்தது. எட்டு வருடம் இப்படிப் போனது. அவர் போனபின் மகள் வீட்டைக் காலி செய்தாள். பெட்டியை என் கையில் கொடுத்து, “அப்பா இத ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு மாமா,” என்றாள்.

போன மாதம் நானும் மனைவியும் மகன் வீட்டுக்கு மூன்று வாரம் கிளம்பினோம். காரில் பெட்டியை மாட்டினேன், பச்சை எரிந்தது. மனைவி ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் வழக்கம்போல மெயினை அணைத்து, கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை மடக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தால் விளக்கு இல்லை. பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். மடக்கிய முனையை நகத்தால் நெம்பி, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பிரித்தேன். மூன்றாவது சுற்றில் கை நின்றுவிட்டது.

அன்று இருட்டும் நேரத்தில், பெங்களூரிலிருந்து வந்த களைப்போடு, தன் வீட்டுப் பெட்டியில் இதே மாதிரிச் சுற்றிய கம்பியை மாமா பிரித்திருக்கிறார். மூன்று சுற்று. முனை உள்பக்கம் மடங்கியது. உலகத்திலேயே ஓர் ஆள்தான் அப்படிக் கட்டுவான். நட்ட கல்லை மூன்று முறை பார்க்கிற மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? கூடத்தில் அத்தனை பேர் நடுவே, டம்ளரோடு நின்ற என்னைப் பார்க்காமல், தெரிந்தேதான் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டு வருடமும் தெரிந்தேதான் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார்.

மெயினைப் போட்டேன். கொட்டகைக்குப் போனேன். பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “மாமா, நான்தான் அணைச்சேன்,” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். அவர் உயிரோடிருந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வராத வார்த்தை.