சிட்டுவின் வலது பக்கம்

தையல்காரி தன் தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அதற்கு ஐந்து மாதம். அழுகை நிற்கவில்லை என்று பெற்ற அப்பனே பிடித்து உலுக்கியிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அவன் சிறைக்குப் போனான். தங்கை பிழைப்பைத் தேடி எங்கோ போய்விட்டாள்.

அதன்பின் சிட்டு அழவேயில்லை. விழுந்தாலும் இல்லை, ஊசி போட்டாலும் இல்லை. தங்கமான பிள்ளை என்றார்கள் அக்கம்பக்கத்தார். பெரியம்மாவான தையல்காரிக்கு அது நல்லதாகப் படவில்லை.

ஐந்து வயதிலும் நாலைந்து வார்த்தைகள்தான். தட்டில் இடது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு “இன்னும்” என்பாள்; வலது பாதி அப்படியே இருக்கும். விளையாடும்போதே உறைந்துபோவாள். கண் சுவரில் குத்திட்டு நிற்கும், வாய் எதையோ மெல்லும்.

“இவகிட்ட யாரோ வந்து பேசுறாங்கம்மா” என்றாள் வீட்டுக்காரி. “எனக்கே பயமா இருக்கு, காலி பண்ணிடு.”

டாக்டர் பேய் பிசாசு எதையும் ஏற்கவில்லை. “இது ஒரு வகை வலிப்பு. மாத்திரைக்குக் கட்டுப்படும். கண்ணு நல்லாதான் இருக்கு, பார்க்க வேண்டிய மூளைதான் அடிபட்டிருக்கு. வலது பக்கம் இவளுக்குத் தெரியாது.”

“சரியாயிடுமா?”

“செத்த இடம் திரும்பாதும்மா. தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கலாம்.”

ஒரு மத்தியானம் சிட்டுவின் அப்பன் வந்து நின்றான். விடுதலையாகிவிட்டானாம். சிட்டு தரையில் பித்தான்களைப் பரப்பி வைத்திருந்தாள். அவன் போய் அவளுக்கு வலப்புறம் குந்தினான், முகத்தருகே கையை ஆட்டினான். அவள் இமைகூட அசையவில்லை.

“சிட்டு” என்றான்.

குழந்தை இடப்பக்கம் திரும்பி, காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துக் கேட்டாள்: “யாரு?”

“என் மேல கோவமா இருக்காளா?”

“கோவமில்ல” என்றாள் பெரியம்மா. “நீ உட்கார்ந்திருக்கிற இடமே அவளுக்குக் கிடையாது. நீ பண்ணதுதான்.”

அவன் எழுந்து போனான். பிறகு வரவில்லை.

மாத்திரையில் வலிப்பு குறைந்தது. சிறப்புப் பள்ளியில் தலையைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் என்றார் டீச்சர். இப்போது சிட்டு அடிக்கடி வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். சிலசமயம் பார்த்தபடியே இருந்துவிடுகிறாள். பழகிய பார்வையா, பழைய வலிப்பா, வேறு ஏதாவதா என்று பெரியம்மாவால் சொல்ல முடிவதில்லை. மிஷினை நிறுத்திவிட்டுப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள்.