பாடையல்ல, ஸ்ட்ரெச்சர்

எங்கள் ரப்பர் தோட்டத்து வாலிபர் சங்கத்தில் பதினொரு பேர் இருந்தோம். பதினொரு பேரும் தலைவர்கள். வாரத்துக்கு ஒருவர் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி முறை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டதால், ஆபீஸ் சாவியும் அதிகாரமும் கிராணியின் கைக்கு வந்திருந்தன. பால் வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. வேலையில்லாத இளவட்டங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தால், சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு, சங்கம் என்ற பெயரில் எதையாவது தோண்டிக்கொண்டிருந்தால் லாரி நிற்காமல் போய்விடும் என்று கிராணி நம்பினார். அந்த நம்பிக்கை சரிதானா என்று யாரும் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. சேர்ந்துவிட்டோம். பெண்பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் நான் ஒருத்தி.

"தலைமைங்கிறது பொறப்புல வர்றதில்ல, பழக்கத்துல வர்றது" என்பது கிராணியின் கொள்கை. வாரத் தலைவர் ஒரு பொதுச்சேவையைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு, ஓட்டெடுத்து, அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் தலைவர் லயத்துக்குப் பின்னால் சாக்கடை வெட்டினார். சரிவு தப்பு என்று அடுத்த தலைவர் அதை எதிர்ப்பக்கமாக வெட்டினார். அதற்குப் பின் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் நின்றது. மூன்றாவது தலைவர் கட்டிய கக்கூஸ் எங்கள் வீடுகளைவிட உறுதியாக அமைந்துவிட்டதால், சனங்கள் அதில் மரவள்ளிக்கிழங்கை வைத்துப் பூட்டினார்கள். அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் ஜப்பான் பாஷையில்தான். வேறு பாஷைக் கட்டளை எதுவும் எங்களுக்குத் தெரியாது.

என் முறை வந்த வாரத்தில் அப்பாவின் கால் அழுகத் தொடங்கியது.

அப்பா தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். ராணுவம் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் வண்டிச் சக்கரங்களையும் கழற்றிக்கொண்டது. அதன்பின் அவர் எல்லோரையும்போலக் கிழங்குத் தோட்டத்தில் கொத்தினார். மாட்டைத் தவிர எதையும் கையாண்டு பழகாதவர், மண்வெட்டியைத் தன் பாதத்திலேயே போட்டுக்கொண்டார். உப்புத் தண்ணீரும் மஞ்சளும் கேட்கவில்லை. கால் கணுக்கால்வரை வீங்கி, விரல்கள் இரண்டு கறுத்தன. காயத்துக்குக் கட்டுப்போடும் தோட்டத்து டிரசர் வந்து மோந்து பார்த்தார். அவரிடம் மருந்து தீர்ந்துபோய் வெகுகாலமாகியிருந்தது. மூக்கு மட்டும் வேலை செய்தது.

"சுங்கைப் பட்டாணி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும். தாமசம் பண்ணா கால் போயிரும்" என்றார் அம்மாவிடம்.

சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தோம். காலைத் தொங்கப் போட்டதும் அப்பா போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின. ஆகவே அந்த வாரத்துச் சேவை ஸ்ட்ரெச்சர் என்று நான் அறிவித்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

பையன்கள் அன்று பிற்பகலே செய்து முடித்துவிட்டார்கள். சங்கத்தின் எந்தச் சேவையும் அத்தனை வேகமாகவும் நேர்த்தியாகவும் முடிந்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மூங்கிலைக் கட்டி அதன்மேல் ஒரு மனிதனைப் படுக்கவைப்பதற்கு அவர்களுக்கு ஒரு முறைதான் தெரியும். அந்த ஆண்டு அதில் பழக்கமும் நிறைய ஏற்பட்டிருந்தது. இரண்டு நீளப் பச்சை மூங்கில், குறுக்கே சிம்புகள், மேலே பின்னிய தென்னங்கீற்று. கொண்டுவந்து வீட்டு வாசலில், பாடையை எங்கே வைப்பார்களோ அதே இடத்தில் வைத்தார்கள்.

அப்பா சுவரில் சாய்ந்தபடி அதைப் பார்த்தார்.

"யாருக்குடா இது?"

"ஒங்களுக்குத்தான் மாமா" என்றான் எங்களில் நெட்டையானவன். கட்டியதில் அவன்தான் முக்கியம்.

"நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்?"

"இது ஸ்ட்ரெச்சரு மாமா. பட்டாளத்துல எல்லாம் இதுதான்."

"பச்ச மூங்கிலு, தென்னங்கீத்து. ஊதுவத்தி ஒண்ணுதான் கொறையுது. அதையும் கொளுத்திட்டீங்கன்னா நானே சங்கு ஊதிக்கிறேன்."

சங்கம் வாசலிலேயே கூடியது. உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டேன். கீற்றை எடுத்துவிட்டுச் சாக்கு விரிக்கலாம் என்றார்கள். விரித்தோம். அப்பா அசையவில்லை. செத்தவனைக் கால் முன்னால் வைத்துத்தானே தூக்குகிறோம், மாமாவுக்குத் தலையை முன்னால் வைத்துவிடலாம் என்றான் நெட்டையன்.

"பாதி வழியில திருப்பி வைக்கிறது உண்டுல்ல? எனக்குத் தெரியாதா? நானும் அம்புட்டுப் பேரைக் கொண்டு போயிருக்கேன்" என்றார் அப்பா.

துரை பங்களாவிலிருந்து பிரம்பு நாற்காலியை எடுத்துவந்து கட்டி, உட்காரவைத்தே தூக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அது நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது.

"ஒக்கார வச்சுத் தூக்குறது சாமியாரை. நான் என்ன சமாதியா ஆவப்போறேன்?"

"அப்ப எப்படித்தான் மாமா வருவீங்க?"

"படுத்தா என்ன, ஒக்காந்தா என்ன. நாலு பேரு தூக்குனா அது பாடைதான்."

தமிழனுக்கு 'நாலு பேர்' என்பது எந்த நாலு பேர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேர் தூக்க அப்பாவின் எடை இடம்கொடுக்கவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை. ஈக்கள் எங்களைவிட ஒழுங்காகக் கூட்டம் நடத்தின.

அம்மா அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே சொன்னார்: "நாலுல ஒண்ணு பொம்பளயா இருந்தா அது பாடை இல்லியே. எந்த ஊருல பொம்பள பாடை தூக்குறா?"

அப்பா வெகுநேரம் கூரையைப் பார்த்தார். மறுப்புக்கு ஏதேனும் சாஸ்திரம் கிடைக்குமா என்று தேடினார் என நினைக்கிறேன். கிடைக்கவில்லை. "சுருட்டு வேணும்" என்றார் கடைசியில். "நான் பொகை விட்டுக்கிட்டே வருவேன். பொணம் பொகை விடாது."

புகையிலை எங்கும் கிடைக்காத காலம். பப்பாளி இலையைக் காயவைத்துச் சுருட்டிக் கொடுத்தோம். அதன் வாடையில் காலின் வாடை கொஞ்சம் மட்டுப்பட்டது.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. வழியில் ஜப்பான்காரக் காவலாளி நிற்பான். அவன்முன் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத்தான் எவரும் போகலாம். வணங்காதவன் கன்னம் வீங்கும். தோளில் ஆளைச் சுமந்தபடி எப்படி வணங்குவது? கிழங்கு மூட்டையை வைத்து ஒத்திகை பார்த்தோம். நால்வரும் ஒரே சமயத்தில் குனிந்ததும், மூட்டை முன்னால் இருந்தவர்களின் தலைக்கு மேலாக உருண்டு தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எறக்கி வச்சிட்டுக் கும்பிடுங்க" என்றார். ஓட்டில்லாமலே அது நிறைவேறியது.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். கிராணி சந்திவரை வந்து வழியனுப்பினார். "நீங்களும் வாங்கலேன்" என்று கேட்டேன். "நான் வந்தா எல்லாரும் என் மொகத்தையே பாப்பீங்க. அப்புறம் தலைமை எப்படி லா வளரும்?" என்றார். காவலாளி கன்னத்தில் அறைவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

முன்பக்கம் நெட்டையனும் இன்னொருவனும், பின்பக்கம் மூன்றாமவனும் நானும். நான் குட்டை. ஆகவே அப்பா சிறிது சிறிதாக என் மூலைக்கே வழுக்கிவந்தார். அடிக்கொரு தரம் நிறுத்தி அவரை மேலே தள்ளவேண்டியிருந்தது. நடையை நான் "இச்சி, நீ" என்று ஜப்பான் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணினேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கையில் தலையைத் தாங்கி, வாயில் சுருட்டோடு அவரே ஓட்டத் தொடங்கினார்.

"ஹை, ஹை. எடப் பக்கம் குழி. தம்பி, நீ மெதுவா. பின்னால இருக்கிற சின்னது இழுக்க மாட்டேங்குது."

என்னைத் தலைவராக அவர் ஏற்கவில்லை. மாடாக ஏற்றுக்கொண்டுவிட்டார். உள்ளபடி சொன்னால், அதன்பிறகு எங்கள் நடை சீராயிற்று.

திகாம் பத்து என்ற ஊரின் கடைத்தெருவில் நம்மவர் மளிகைக் கடை ஒன்று இருந்தது. நாங்கள் வருவதைத் தூரத்திலேயே கண்ட முதலாளி தோள் துண்டை எடுத்தார். கடைப் பலகைகளில் பாதியைச் சாத்தினார். வாசலில் இருந்த மிளகாய் மூட்டையை உள்ளே இழுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். நாங்கள் நெருங்க நெருங்க அவர் முகத்தில் துக்கம் போய்க் குழப்பம் வந்தது.

"என்னப்பா இது, பொகையுது? வழியிலயே கொள்ளி வச்சிட்டீங்களா?"

பிறகு என்னைப் பார்த்தார். "பொம்பளப் புள்ள தூக்குது. ஆம்பள வாரிசு இல்லாத வீடா? பாவம்."

அப்பா தலையைத் தூக்கினார். "மொதலாளி, நல்ல பொகையில இருக்கா? இது பப்பாளி. தொண்டையக் கமறுது."

முதலாளி ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டார். மறுகை கல்லாவுக்குக் கீழே போயிற்று. அவர் எடுத்துக் கொடுத்தது அசல் சுருட்டு. எங்கள் ஆட்கள் அந்த ஆண்டில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. காசு, டூயிட் எதுவும் வேண்டாம் என்றார். இரக்கமா, பயமா, சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்றா, தெரியவில்லை.

சுங்கைப் பட்டாணி எல்லையில் காவலாளி நின்றான். அப்பாவே சுருட்டை அணைத்து மடியில் செருகினார். அவன்முன் புகைவிட்டால் மரியாதைக் குறைவு. நாங்கள் இறக்கி வைத்தோம். நால்வரும் வரிசையாக நின்று குனிந்தோம். அப்பா வலியிலும் பயத்திலும் கண்ணை மூடிக்கொண்டார். புகையில்லாமல், பச்சை மூங்கில்மேல் மல்லாக்கக் கிடந்தவரைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதுதான் அவனுக்கும் தோன்றியது.

"மாத்தி?" என்று கேட்டான். செத்துப்போச்சா என்பதற்கு அவன் கற்றுவைத்திருந்த மலாய். வணங்கும்போது வாய் திறக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். திறக்கவில்லை.

அவன் துப்பாக்கியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, காலைச் சேர்த்து, அப்பாவை நோக்கி மெல்லத் தலை தாழ்த்தினான். நாங்கள் யாரும் அதுவரை கண்டிராத காட்சி.

அப்பா அந்த நேரத்தில் கண்ணைத் திறந்தார். ஜப்பான்காரன் ஒருவன் தன்னை வணங்கி நிற்கிறான். பதிலுக்கு வணங்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்து, நெற்றி முழங்காலில் படும்படி குனிந்தார்.

"பெலும், துவான்" என்றார். இன்னும் இல்லை, ஐயா.

காவலாளி பின்னால் தாவியதில் துப்பாக்கி சரிந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு, "பாக்கேரோ" என்று வைதுகொண்டே வந்தான். முதலில் நெட்டையனுக்கு ஓர் அறை விழுந்தது. உயரமாக இருப்பவனுக்குத்தான் எப்போதும் முதல் அறை. அடுத்து அப்பாவை அடிக்கக் குனிந்தான். அப்போது காலின் துணி விலகியிருந்தது. நாற்றம் அவன் முகத்தில் அடித்தது. கையை அப்படியே நிறுத்தி, மூக்கைப் பொத்தி, மறுகையால் போ போ என்று வீசினான். நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் வெகுதூரம் வந்த பிறகுதான், எதைக் கண்டு அவன் விட்டான் என்று எனக்கு உறைத்தது. அதன்பின் எண்ணிக்கை என் வாயில் வரவில்லை. அப்பாவும் ஓட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். காலி ஸ்ட்ரெச்சரோடு வராந்தாவில் நின்ற பையன்களிடம் ஓர் ஊழியர் வந்து, "எந்த வார்டுப் பொணம்? அங்கன பின்கட்டு வழியா வாங்க" என்றார். ஒருநாள் முழுக்க இதே கேள்வியைச் சுமந்துவந்த நெட்டையன், கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இன்னும் முடிவாவல அண்ணே" என்றான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு விரல் எடுக்க வேணும். இண்டைக்கே எடுத்தால் கால் தப்பும். விட்டால் முழங்காலோட போகும். இவருக்கு ஆர் பொறுப்பு?"

கூட்டத்துக்குக் கூட்டம் மணிக்கணக்கில் கருத்துச் சொன்ன என் சங்கத்து ஆண்கள் மூவரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த வாரத் தலைவரு இவதான் ஐயா. இவளக் கேளுங்க."

கேலியா, மெய்தானா என்று அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. டாக்டர் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். அவருக்கு என் வாய்ச்சொல்லே போதும், காகிதத்தில் கையெழுத்து வாங்க நேரமில்லை.

"எடுத்துருங்க" என்றேன்.

"ஓட்டெடுக்க மாட்டியா?" என்றார் அப்பா.

"மாட்டேன்ப்பா."

"ரெண்டு வெரலு."

"ரெண்டுதானப்பா."

"ஒன் வெரலா?" என்றார். பிறகு மடியிலிருந்த அசல் சுருட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத நனையாம வச்சிரு. வந்து குடிக்கிறேன்."

உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் இரும்பில் செய்தது. சக்கரம் வைத்தது. தள்ளியவர் ஒரே ஓர் ஆள். அப்பா எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் மல்லாந்து படுத்திருந்தார்.

மாலை டாக்டர் வெளியே வந்து கால் தப்பியது என்று சொன்னபோது, நான் வராந்தாவில் சுருட்டை இரண்டு கைக்குள்ளும் பொத்தி உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்த்து அது நன்றாக நனைந்துபோயிருந்தது. வார்டுக்குள் கொண்டுபோய் நீட்டியபோது, கட்டிலில் கிடந்த அப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு வேல சொன்னா ஒழுங்கா செய்ய மாட்ட" என்று சொல்லி, காயட்டும் என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.