ரம்பம் நின்றால்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். லீவு நாளில், காற்றில் சாய்ந்த வைரம் பாய்ந்த மரங்களை எங்கிருந்தாவது கொண்டுவந்து, கொல்லையில் மோட்டார் ரம்பத்தால் பலகை அறுப்பார். ஆசைக்குத்தான். எனக்கோ பயம். மனிதருக்குள் பார்க்கிறவரால் மரத்துக்குள் இருக்கும் ஆணியைப் பார்க்க முடியாதே! ரம்பம் அதில் பட்டால் அதன் பல் தெறித்து ஆள்மேல் பாயும்.

ரம்பம் கத்திக்கொண்டிருக்கும் வரை அவரைத் திட்டிக்கொண்டே துணி மடிப்பேன். இன்று சட்டென்று நின்றது. போட்டது போட்டபடி ஓடினேன். மரத்தில் ஒரு கருப்புக் கறையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கறை தெரியுது, உள்ள ஆணி இருக்கு. நல்லவேளை, பாத்துட்டேன்."

"நிறுத்தினா ஒரு குரல் குடுக்கக் கூடாதா? உயிரே போயிடுச்சு!"

தலையாட்டினார். நான் உள்ளே போன சற்று நேரத்தில் ரம்பம் மறுபடி கத்தியது, மறுபடி நின்றது.

"நிறுத்திட்டேன்!" என்று குரல் கொடுத்தார்.

அதற்குள் நான் கொல்லை வாசலுக்கு வந்திருந்தேன்.