நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா

என் ஸ்கேன் அறிக்கையில், பதினெட்டாம் வாரம் என்ற குறிப்பின் கீழ், 'இரட்டைக் கரு. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது தெளிவில்லை' என்றிருக்கிறது.

"மூணாம் மாசமே வந்திருந்தா தெளிவா தெரிஞ்சிருக்கும்மா. ஒண்ணுதான்னா, ஒரு குழந்தைக்கு ரத்தம் ஜாஸ்தியா, இன்னொண்ணுக்குக் கம்மியா போகலாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாக்கணும்," என்றார் மருத்துவர். "கூட யாரும் வரலையா?"

"அவரு துபாய்ல இருக்காருங்க."

மூன்றாம் மாதம் ஸ்கேனுக்கு எனக்குக் குறித்துக்கொடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் தனியாகப் போகப் பயந்து, கணவர் விடுப்பில் வரட்டும் என்று வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

அதன்பின் நான்கு முறை தனியாகப் போய் வந்து, அறிக்கையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். இரு இதயங்களும் சீராகத் துடிக்கின்றன. குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதானா என்பது பிரசவத்துக்குப் பின்தான் தெரியும், இன்றுவரை உறுதியாகவில்லை.