பலகையில் ஒட்டிய பெரிய மனுஷன்

மலாயா நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன கையோடு எங்கள் காஜா பெராங் இளைஞர்களுக்கெல்லாம் முன்னேறும் வியாதி தொற்றிக்கொண்டது. ஒருவன் தட்டச்சுப் படிக்கப் போனான், ஒருவன் சுருட்டை விட்டான். எனக்கு உடம்பு நோகாமல் முன்னேற ஒரு வழி தேவைப்பட்டது.

அதுவும் கிடைத்தது. எங்கள் வாசகசாலைக்குப் பேச வந்த ஒரு கண்ணாடிக்காரர், வாழ்க்கையில் வேண்டியதையெல்லாம் படமாக வெட்டி ஒரு பலகையில் ஒட்டி வையுங்கள், தினமும் எழுந்ததும் அதைப் பாருங்கள், எல்லாம் தானாக வந்து சேரும் என்றார். 'தானாக' என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் எனக்குத் தூக்கமே கலைந்தது.

அப்போது நான் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டு, ஒரு சீனத் தவுக்கேயின் சாமான் கடை மாடியில் தனியாகக் குடியிருந்தேன். தேயிலைப் பெட்டியின் மூடி ஒன்றைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கினேன். படங்கள் முடிவெட்டும் கடையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வந்தன. அந்தக் கடையில் பத்திரிகை பிரித்தவர்கள் கொஞ்ச காலம் ஓட்டை வழியாக எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்த மேல்மூடியோடு ஒரு கார். சிவப்பு ஓட்டுப் பங்களா, அதன் வராந்தாவில் பிரம்பு நாற்காலி. காலுக்குத் தோல் சப்பாத்து, கைக்கடிகாரம், என் அறைக்குள் நுழையாத அளவில் ஒரு ரேடியோ. நட்ட நடுவில் கோட்டு சூட்டோடு ஒரு வெள்ளைக்காரர். அவர் தலையை எடுத்துவிட்டேன். நாடு இருந்த நிலைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. அந்த இடத்தில் என் தலையை ஒட்டினேன். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் ஒரு பிரதி மிச்சம் இருந்தது. கோழி திருடிப் பிடிபட்டவன் போல அதில் முறைத்துக்கொண்டிருப்பேன்.

தினமும் பார்த்தேன். மைதாப் பசைக்குக் கரப்பான்பூச்சி மட்டும் தானாக வந்து சேர்ந்தது. காரின் ஒரு டயரைத் தின்றுவிட்டது.

இந்த நிலையில்தான் பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து ஒரு தரகர் சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் அப்பா தோட்டத்து மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசர். பெண்ணை நான் கோயிலில் ஒருமுறை பார்த்திருந்தேன். யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த யாரோ நான்தான் என்பது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து வேறு பெண் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே சில அப்பாக்கள் என் மாடிப்படி ஏறி, ஏறியதைவிட வேகமாக இறங்கிப் போயிருந்தார்கள். இவரையும் அப்படி விடக்கூடாது. என் லட்சியங்கள் அவர் கண்ணில் முதலில் படட்டும் என்று பலகையைத் துடைத்து வாசலைப் பார்க்க மாட்டிவைத்தேன்.

அவர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வடை வாங்கி வர வெளியே போனேன். அந்த நேரம் பார்த்துத் தவுக்கே கூரை ஒழுகலைப் பார்க்க மேலே வந்திருக்கிறார்.

சீனர்கள் வீட்டில் யாராவது இறந்தால், அவருக்கு மேலுலகத்தில் உதவட்டும் என்று காகிதத்தில் வீடு, கார், சப்பாத்து எல்லாம் செய்து எரிப்பார்கள். மலாக்காவில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். அந்தப் பலகைக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் உறைக்கவில்லை. தவுக்கே பார்த்திருக்கிறார்: நடுவில் ஒரு முகம், சுற்றிலும் காகித வீடு, காகிதக் கார். நல்ல மனுஷர், மனம் இளகிவிட்டது. இரண்டு ஆரஞ்சுப் பழமும், ஒரு டின்னில் மணல் நிரப்பி ஊதுபத்தியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நான் வடையோடு ஏறி வந்தபோது அறை முழுக்கப் புகை. பலகைக்கு முன்னால் டிரசர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தவுக்கே தலை குனிந்து நின்றார்.

"வாங்க தம்பி," என்றார் டிரசர், தணிந்த குரலில். "அண்ணன் தவறிட்டாருன்னு தரகர் ஒரு வார்த்த சொல்லலியே."

அபாங், அதாவது அண்ணன், செத்ததை என்னிடம்கூட மறைத்துவிட்டாயே, எவ்வளவு லட்சணமான மனுஷர் என்று தவுக்கே மலாயில் வருத்தப்பட்டார். கோட்டுப் போட்டதும் அது நானாக இருக்கலாம் என்ற சந்தேகமே யாருக்கும் வரவில்லை.

"துக்கம் நடந்த எடம். ஒரு வருஷம் போவட்டும், அப்பறம் பேசிக்குவோம்," என்று டிரசர் குடையை எடுத்தார்.

ஒரு வருஷத்தில் தட்டச்சுப் படிக்கப் போனவன் முன்னேறி அவளைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். இல்லாத அண்ணனைச் சாகவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும். உண்மையைச் சொன்னால் தனக்குத் தானே ஊதுபத்தி ஏற்றிக்கொண்ட மாப்பிள்ளை ஆவேன்.

"ஐயா, எனக்கு அண்ணனே கெடையாதுங்க. அது நாந்தான்."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தார். "நீங்க உசுரோடதான இருக்கீங்க?"

"இப்போதைக்கு இருக்கேங்க."

கண்ணாடிக்காரரிலிருந்து கரப்பான்பூச்சி வரை எல்லாவற்றையும் சொன்னேன். டிரசர், புண்ணைப் பார்ப்பது போலப் பலகையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"வூடு இருக்கு, காரு இருக்கு, ரேடியோ இருக்கு. எம் மவ எங்க இருக்கும்?"

பங்களா வராந்தாவின் பிரம்பு நாற்காலியைக் காட்டினேன்.

"அதுல நாய் உக்காந்திருக்கே தம்பி."

உண்மைதான், உட்கார்ந்திருந்தது. அத்தனை நாள் பார்த்தும் நான் கவனித்ததில்லை. "எறக்கி விட்டுர்றேங்க," என்றேன். அவர் ஒரு வடையை மட்டும் தின்றுவிட்டு, குடையோடு மாடிப்படி இறங்கினார். தோள் குலுங்கியது. என் நிலைமையைப் பார்த்து அழுகிறார் என்றே நினைத்தேன்.

உயிரோடு இருப்பவன் முகம் அந்தச் சாமான்களோடு இருக்கவே கூடாது என்று தவுக்கே பிடிவாதமாக நின்றார். என் தலையைச் சுரண்டி எடுத்தோம். மற்றதைப் பின்சந்தில் ஒரு டின்னில் போட்டு முறைப்படி எரித்தார். அவர் கணக்குப்படி அத்தனையும் மேலே என் பெயருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கரப்பான்பூச்சி டயரைத் தின்ற கார் உட்பட.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். டிரசர் வீட்டில் கதையைச் சொன்னாராம். பெண் சிரித்துச் சிரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாய எறக்கிட்டாரான்னு கேளுங்க," என்றாளாம். அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார் இந்த உலகத்தில் வரவில்லை. பங்களாவும் வரவில்லை. நான் எப்போதாவது முன்னேற்றம் என்று வாயைத் திறந்தால் வீட்டுக்காரி உடனே சொல்வாள்:

"மேல எல்லாம் ரெடியா இருக்குல்ல, என்ன அவசரம்? நீங்க முன்னால போயி நாய எறக்கி வைங்க. நான் மெதுவா வர்றேன்."