பஸ் ஸ்டாப்பில் தொங்கிய நம்பர்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தச் செல்லில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். "போட்டோ அனுப்பு. இல்லன்னா உன் சடங்குப் படத்தை அசிங்கமா மாத்தி ஊருக்கே அனுப்புவேன்."

செல்லை நீட்டியவள் என் கடைசித் தம்பி மகள். எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பந்தல்குடிக்குப் போகாமல் டவுன் பஸ் ஏறி, பாளையம்பட்டியில் என் கடைக்கு வந்துவிட்டாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் முன்பு படித்த அக்கா என்று சொல்லித்தான் இதை அனுப்பியவன் பேச்சை ஆரம்பித்தானாம்.

"அப்பாட்ட சொல்லாதீக அத்த. படிப்ப நிறுத்திருவாக."

சொல்லாமல் எப்படி? தம்பியை வரச் சொன்னேன். பிள்ளைக்குத் தாய்மாமனான அவன் மச்சினனும் கூடவே வந்தான். வந்ததும் தம்பி பிள்ளை மேல் கையை ஓங்கினான்.

"எல்லாத்தையும் அழிச்சுப் போடு. நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்!"

நான் குறுக்கே போய் நின்றேன். "ஏலே, கைய எறக்கு. அவனுக்கு நம்பரக் குடுத்தது இவளா?"

பிள்ளை பெரியவளான சடங்குக்கு இந்தத் தாய்மாமன்தான் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் கட்டினான். பிள்ளையின் படம், பெயர், கீழே தொடர்புக்கு ஒரு நம்பர். தம்பி லாரியில் போகிறவன்; வீட்டில் இருப்பது பிள்ளை பாடம் பார்க்கிற செல்தான் என்று அந்த நம்பரையே போட்டார்கள். தம்பி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப் ஒன்று விடாமல் அனுப்பினான்.

"ஊரு பூராம் அப்படித்தானக்கா போடுறாக" என்றான் மாமன்காரன்.

"அப்ப ஒம் பொண்டாட்டி படத்தையும் நம்பரையும் ரோட்டுல கட்டித் தொங்கவிடு, பாப்போம்!"



ஒன்றையும் அழிக்க விடவில்லை. செல்லை மடியில் செருகிக்கொண்டு, பிள்ளையையும் தம்பியையும் அருப்புக்கோட்டை மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். அங்கிருந்த பெண் போலீஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அழிக்காம கொண்டாந்தீங்களே, நல்லது. இனி அவனுக்குப் பதில் போடாத பாப்பா. நீ ஒரு தப்பும் செய்யல" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பிள்ளைக்கு வந்தது.

பந்தல்குடியில் இறங்கினால், சடங்கு முடிந்து இத்தனை நாளாகியும் பிளக்ஸ் அப்படியே நிற்கிறது. மாமனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னேன். விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவன்; அப்போதும் அவனுக்கு யோசனை வேறு: "கரிமூட்டத்து மேல மழைக்குப் போத்த ஆகும்க்கா."

"மூஞ்சியையும் நம்பரையும் வெட்டிக் குடுத்துட்டு மிச்சத்தக் கொண்டு போ."

வெட்டியதைப் பிள்ளையே அடுப்பில் போட்டாள்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டவன் தம்பிதான். நான் இன்னும் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.