இரண்டு விரல் இடைவெளி

புருல்சா போட்ட தரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்பார்கள் கராகோல் ஊரில். கணவன் முகாஷ் இரும்பு உத்தரங்களை ஏற்றிப் பற்றவைப்பான். அவற்றுக்கிடையே மரச்சட்டங்களைக் கோத்துப் பலகை அடிப்பது அவள்.

அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுக் கூடத்துக் கம்பளத்தை மட்டும் பதினெட்டு வருஷமாக, யார் இருக்கும்போதும் எடுத்ததில்லை. அடியில் இருப்பது அவள் முதன்முதலாகப் போட்ட தரை. காயாத பச்சை மரத்தை இரும்போடு ஒரே மட்டமாக வைத்துவிட்டாள். குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிந்ததில் மரம் காய்ந்து சுருங்கி இறங்கியது. இரும்பு இறங்குமா? உத்தரத்துக்கு மேலே பலகை வரப்பு மாதிரிப் புடைத்துக்கொண்டது. அதன்பின் எந்த வீட்டிலும் மரத்தை இரும்பைவிட இரண்டு விரல் உயர்த்தித்தான் வைப்பாள்.

இந்த இலையுதிர்காலத்தில் ஜானில் டீச்சர், மகன் கல்யாணத்துக்காக மாடி எழுப்பினாள். பலகை அடிக்கும் நாளில் வழக்கம்போலத் தெருவே கூலியில்லாமல் கைகொடுக்க வந்தது. புருல்சா ஆணி வாங்கப் போன நேரத்தில், மாப்பிள்ளையின் தாத்தா கெனென்பாய் இரும்புக்கு மேலே அவள் விட்டிருந்த அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்துவிட்டார். மறதியில் விட்டது என்று நினைத்து, வரிசையாக ஆப்பு அடித்து, பாதித் தரைக்குப் பலகையும் அறைந்துவிட்டார். அவள் திரும்பியதும் அதைப் பெருமையாகக் காட்டினார்.

புருல்சாவுக்குத் தெரியும்: விட்டால் வசந்தத்துக்குள் இந்தத் தரையும் புடைக்கும். ஆனால் உதவ வந்த பெரியவரைப் பத்துப் பேர் முன்னால் குறை சொல்வதா? தன் வீட்டுத் தரையைக் காட்டலாம். காட்டினால், பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவார் மனுஷன்.

"பெரியப்பா, நம்ம வீட்ல ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரலாம், வாங்க" என்றாள்.

முகாஷும் கூடவே வந்தான். அவள் கம்பளத்தைச் சுருட்டினாள். கெனென்பாய் நாலு எட்டு வைப்பதற்குள் தடுக்கினார்.

"இத யாரு போட்டது?"

முகாஷ் முந்திக்கொண்டான். "நான்தான் பெரியப்பா. அப்போ தொழில் புதுசு."

"அவரு பொய் சொல்றாரு. நான் போட்டது" என்றாள் புருல்சா. காது மடல் வரை சூடேறியது. "பச்ச மரம் இறங்கும், இரும்பு இறங்காது. நீங்க அடைச்சீங்களே, அது மரம் இறங்கறதுக்கு நான் விட்ட எடம்."

கெனென்பாய் காலால் அந்த வரப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். டீயைத் தொடவில்லை.

"நீயாவது உன் வீட்ல பண்ணினேம்மா. நான் பேரன் வீட்ல பண்ணப் பாத்தேன்" என்றார்.

பிறகு முகாஷிடம் திரும்பி, கடப்பாறை எங்கே என்று கேட்டார்.